பபிள் அணிகளை எடைபோடும் தளங்கள்: எதை நம்பலாம், எதற்குப் பணம் கொடுக்கலாம்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடர்பவர்களுக்கு மார்ச் மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் ஆட்டத்தைவிட வழக்காடலுக்கே அதிகம் உரியவை. ஆண்கள் பிரிவின் தேசியத் தொடரில் 2025-ஆம் ஆண்டில் 68 அணிகள் ஆடின. அவற்றில் 31 இடங்கள் தத்தம் கான்பரன்ஸ் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) பட்டத்தை வென்ற அணிகளுக்குத் தாமாகவே போய்ச் சேர்ந்தன. மீதமிருந்த 37 இடங்களைப் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்களும் கான்பரன்ஸ் ஆணையர்களும் அடங்கிய தேர்வுக் குழு நிரப்பியது. அந்த 37 இடங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி யாருக்கும் ஐயம் எழுவதில்லை. கடைசிச் சில இடங்களுக்காக அதைப்போல இரண்டு மடங்கு அணிகள் வாசலில் நிற்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது. இந்த அணிகளைத்தான் பபிள் அணிகள் என்கிறார்கள்.

இவற்றின் தகுதியை அலசுவதற்கு உதவுவதாகச் சொல்லும் சேவைகள் பல உள்ளன. இ.எஸ்.பி.என். தளத்தில் ஜோ லுனார்டி வெளியிடும் கணிப்பு, பிராக்கெட் மேட்ரிக்ஸ், தொடரை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே வெளியிடும் அணித்தாள்கள் (ஒவ்வோர் அணியின் ஆட்ட முடிவுகளையும் தரவரிசைகளையும் தொகுத்த தாள்கள்), கென்பாம், பார்ட் டார்விக்கின் தளம் ஆகிய ஐந்தையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவற்றை மதிப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். "குழு யாரைத் தேர்ந்தெடுக்கும்?" என்பது ஒரு கேள்வி, "யாரைத் தேர்ந்தெடுப்பது நியாயம்?" என்பது வேறொரு கேள்வி, முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விக்கான விடையாக நம் தலையில் கட்டாத சேவை எது என்பதைத்தான் பார்க்கிறேன்.

லுனார்டியிலிருந்து தொடங்குவது முறை, ஏனெனில் இந்தக் கணிப்பை ஒரு தொழிலாகவே ஆக்கியவர் அவர். "கடைசியாக உள்ளே வந்த நான்கு", "முதலில் வெளியேறிய நான்கு" என்று அவர் பிரித்துக் காட்டும் முறை இன்று எல்லா ஊடகங்களுக்கும் பொதுவாகிவிட்டது. ஒரே பார்வையில் நிலவரம் விளங்குகிறது என்பது இதன் நன்மை. ஆனால் ஓர் அணி ஏன் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்பதற்கு ஓரிரு வரிக்கு மேல் விளக்கம் கிடைப்பதில்லை, அதோடு அந்த வரிகளும் குழுவின் மனத்தை ஊகிப்பவையே தவிர அணியின் தகுதியை நிறுவுபவை அல்ல. தேநீர் இடைவேளையில் நண்பர்களோடு வாயாடுவதற்கு இது போதும். வாதத்தை நிலைநாட்டுவதற்குப் போதாது.

பிராக்கெட் மேட்ரிக்ஸ் இதைவிடப் பயனுள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட கணிப்பாளர்களின் பட்டியல்களைத் திரட்டி, ஒவ்வோர் அணியும் எத்தனை பட்டியல்களில் இடம்பெற்றிருக்கிறது, சராசரியாக எந்த நிலையில் (தொடரில் அணிகளுக்கு வலிமைப்படி தரப்படும் வரிசை எண்) வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரே அட்டவணையில் தருகிறது. அலங்காரம் ஏதுமில்லை, கட்டணமும் இல்லை. உண்மையான பட்டியல் வெளியானதும், சரியாகச் சொன்ன ஒவ்வோர் அணிக்கும் 3 புள்ளி, அதன் நிலையையும் சரியாகச் சொல்லியிருந்தால் கூடுதலாக 3 புள்ளி, ஒரு நிலை மட்டும் தவறியிருந்தால் 1 புள்ளி என்று கணக்கிட்டு எல்லாக் கணிப்பாளர்களையும் தரவரிசைப்படுத்துகிறது. தொலைக்காட்சியில் முகம் தெரியாத எத்தனையோ பேர் அதில் முன்னணியில் இருப்பதைப் பார்ப்பது ஒரு தனி இன்பம்.

ஆயினும் பலர் ஒத்துச் சொல்வதாலேயே ஒரு கணிப்பு நியாயமாகிவிடாது, சில வேளைகளில் கணிப்பாகக்கூட நிற்காது. 2025 மார்ச்சில் வெஸ்ட் வர்ஜீனியாவைப் பெரும்பாலான கணிப்பாளர்கள் உள்ளேயே வைத்திருந்தார்கள். குழுவோ அந்த அணியை வெளியே விட்டு, நார்த் கரோலினாவைக் கடைசி அணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. நார்த் கரோலினாவின் விளையாட்டு இயக்குநர் பப்பா கன்னிங்ஹாம்தான் அந்த ஆண்டு குழுவின் தலைவர். தம் பல்கலைக்கழகம் பற்றிய விவாதத்தின்போது உறுப்பினர் விலகி இருக்க வேண்டும் என்ற விதிப்படி அவர் அதில் பங்கேற்கவில்லை என்று குழுவின் துணைத் தலைவர் விளக்கினார். கேட்பவர்களுக்கு மனம் ஆறவில்லை. வெஸ்ட் வர்ஜீனியா மாநில ஆளுநர் செய்தியாளர்களைக் கூட்டி, தேர்வு குறித்து விசாரிக்கும்படி மாநிலத் தலைமை வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டார். ஒரு கூடைப்பந்து அணிக்காக ஓர் அரசு இயந்திரமே அசைந்ததை வேறெந்த நாட்டிலும் எளிதில் காண முடியாது.

இந்த வழக்கை அலச என்.சி.ஏ.ஏ. அணித்தாள்களை எடுத்தால், அவற்றின் வலிமையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. 2018-19 பருவத்தில் பழைய ஆர்.பி.ஐ. தரவரிசை முறையை நீக்கிவிட்டு, அணிகளை வரிசைப்படுத்த என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்த நெட் தரவரிசைதான் இந்தத் தாள்களின் அச்சாணி. எதிரணியின் நெட் இடத்தையும் ஆட்டம் நடந்த களத்தையும் சேர்த்து ஆட்டங்களை நான்கு குவாட்ரண்ட்களாகப் பிரிக்கிறார்கள். சொந்த அரங்கில் முதல் 30 இடங்களுக்குள் உள்ள அணியோடும், பொது அரங்கில் முதல் 50-க்குள் உள்ள அணியோடும், எதிரியின் அரங்கில் முதல் 75-க்குள் உள்ள அணியோடும் ஆடுவது முதல் குவாட்ரண்ட். இந்தக் கணக்கில் நார்த் கரோலினா 13 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றது. அதுவும் நியூயார்க்கில் யு.சி.எல்.ஏ. அணியை இரண்டே புள்ளியில் வென்ற ஆட்டம். வெஸ்ட் வர்ஜீனியா 16-இல் 6 வென்றது. தாளை மட்டும் பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். நாட்டின் தலைசிறந்த அணியிடம் தோற்பதும், 75-ஆம் இடத்து அணியின் அரங்குக்குப் போய்த் தோற்பதும் குவாட்ரண்ட் முறைக்கு ஒன்றே. நார்த் கரோலினாவின் 12 தோல்விகளில் மூன்று டியூக்கிடம், ஒன்று ஆபர்னிடம், ஒன்று புளோரிடாவிடம். அந்த மூன்று அணிகளும் தொடரில் முதல் நிலை பெற்றவை. கான்சாஸ், மிச்சிகன் ஸ்டேட், அலபாமா ஆகியவற்றையும் இதே பருவத்தில் சந்தித்தது அந்த அணி. கடுமையான அட்டவணையை விரும்பி ஏற்றதற்குப் பரிசும் தரக்கூடாது, தண்டனையும் கூடாது. குவாட்ரண்ட் எண்ணிக்கை தண்டனையின் பக்கமே சாய்கிறது. போதாக்குறைக்கு, 30-ஆம் இடத்துக்கும் 31-ஆம் இடத்துக்கும் நடுவே ஒரு மதில் எழுப்பி, நேற்றுவரை பெரிய வெற்றியாக இருந்ததை இன்று இரண்டாந்தர வெற்றியாக மாற்றிவிடுகிறது.

நெட் இடத்தையே தகுதியாகக் கொள்ளலாமா என்றால், குழுவே அப்படிக் கொள்வதில்லை. 2019-இல் 33-ஆம் இடத்திலிருந்த நார்த் கரோலினா ஸ்டேட்டை விட்டுவிட்டு 73-ஆம் இடத்திலிருந்த செயின்ட் ஜான்ஸைச் சேர்த்தார்கள். 2022-இல் 77-ஆம் இடத்து ரட்கர்ஸுக்கு இடம் கிடைத்தது.

கென்பாம் தளத்தின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. வானிலை ஆய்வாளராகப் பணியாற்றிய கென் பாமராய் உருவாக்கிய இந்தத் தளம், ஓர் அணி 100 பந்து வாய்ப்புகளில் எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை புள்ளி விட்டுக்கொடுக்கிறது என்பதை எதிரணியின் வலிமைக்கேற்பத் திருத்திக் கணக்கிடுகிறது. முதன்மைத் தரவரிசையை இலவசமாகவே பார்க்கலாம். அணிவாரியான ஆழ்ந்த விவரங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 25 டாலர் கட்ட வேண்டும், அந்தப் பணம் வீண் போகாது. நாளை எந்த அணி வெல்லும் என்று கேட்டால் இதைவிட நல்ல துணை அரிது. ஆனால் பபிள் விவாதத்துக்கு இதை ஆயுதமாக்குவது தவறு. நெருக்கமான ஆட்டங்களையெல்லாம் தோற்றுவிட்டு எளிய எதிரிகளை நாற்பது புள்ளிகளில் நசுக்கிய அணியையும் இது உயர்த்தியே காட்டும், ஏனெனில் அது அளப்பது வலிமையை. இடம் கேட்டு வரும் அணியிடம் நாம் கேட்க வேண்டியது "நீ எவ்வளவு வலியவன்?" என்பதல்ல, "நீ இதுவரை என்ன சாதித்தாய்?" என்பதே.

இந்தக் கேள்விக்கு ஏற்ற கருவியை டார்விக்கின் தளம் வைத்திருக்கிறது, அதுவும் கட்டணமின்றி. வாப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அளவை அது. ஒரு சராசரி பபிள் அணி இதே அட்டவணையை ஆடியிருந்தால் எத்தனை ஆட்டங்களை வென்றிருக்கும் என்று கணக்கிட்டு, அதைவிட இந்த அணி எத்தனை வெற்றி கூடுதலாகப் பெற்றது, அல்லது குறைவாகப் பெற்றது என்று சொல்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு முன்னணி அணியின் அரங்கில் பபிள் அணி வெல்லும் வாய்ப்பு 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே வென்றால் 0.85 வரவு, தோற்றால் 0.15 மட்டுமே செலவு. சொந்த அரங்கில் 98 விழுக்காடு வெல்லக்கூடிய எளிய எதிரியை வென்றால் 0.02 வரவு, தோற்றால் 0.98 செலவு. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது இந்த வரவு செலவுக்குள் நேராக நுழைவதில்லை, மதில்களும் இல்லை. டியூக்கிடம் தோற்றதற்கும் நடுத்தர அணியிடம் தோற்றதற்கும் வெவ்வேறு விலை. 2024-25 பருவத்தில் என்.சி.ஏ.ஏ.-வும் வாப் அளவையைத் தன் அணித்தாள்களில் சேர்த்துக்கொண்டது. வந்த நாள் தாமதம், ஆனாலும் வந்ததே.

சிறிய கான்பரன்ஸ் அணிகளுக்கு இது இன்னும் முக்கியம். 2024-இல் மிசூரி வேலி கான்பரன்ஸின் இந்தியானா ஸ்டேட் 28 வெற்றி, 6 தோல்வி என்ற கணக்கோடு நின்றது. இறுதி ஆட்டத்தில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றதால் தானாக வரும் இடம் நழுவியது. நெட் தரவரிசையில் 30-க்குள் இருந்தும் குழு அந்த அணியை அழைக்கவில்லை. முதல் குவாட்ரண்ட் வெற்றிகள் போதவில்லை என்ற வாதம் எழுந்தது. அலபாமாவுக்கும் மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் அவர்களுடைய அரங்குகளுக்கே சென்று ஆடிய அணி அது. பெரிய பல்கலைக்கழகங்கள் இத்தகைய அணிகளின் ஊருக்கு வந்து ஆட எளிதில் சம்மதிப்பதில்லை. வாய்ப்பையே தராமல், வென்று காட்டவில்லையே என்று கேட்பது எப்படி நியாயம்? அந்த ஆண்டு நார்த் கரோலினா ஸ்டேட் ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்களை வென்று தன் கான்பரன்ஸான ஏ.சி.சி.யின் பட்டத்தைத் தட்டிச் சென்றதும், ஆரிகனும் டுகேனும் எதிர்பாராமல் பட்டம் வென்றதும் பபிள் அணிகளுக்கான இடங்களைச் சுருக்கிவிட்டன என்பதையும் மறக்கக் கூடாது.

டார்விக் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை வடிகட்டும் வசதிகள். குறிப்பிட்ட தேதிகளுக்கு இடையில், குறிப்பிட்ட களத்தில், குறிப்பிட்ட தர எதிரிகளோடு ஓர் அணி எப்படி ஆடியது என்று பிரித்துப் பார்க்கலாம். வெஸ்ட் வர்ஜீனியா வழக்கில் இது கைகொடுக்கிறது. பஹாமாஸில் கொன்சாகாவையும் அரிசோனாவையும் வீழ்த்திய அந்த அணி, தன் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான டக்கர் டிவ்ரீஸ் எட்டே ஆட்டங்களோடு காயத்தால் விலகிய பிறகும் கான்சாஸின் அரங்கில் 62-61 என்று வென்றது. இறுதியில் தன் கான்பரன்ஸான பிக் 12-இன் தொடரில் கடைசி இடத்துக் கொலராடோவிடம் தோற்றது. இந்த ஏற்ற இறக்கங்களை ஒரே தரவரிசை எண் சொல்லாது, தேதிவாரியாகப் பிரித்த அட்டவணை சொல்லும்.

எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் வர்ஜீனியா உள்ளே இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக வெளியேற வேண்டியது நார்த் கரோலினா அல்ல, தன் கான்பரன்ஸில் 6 வெற்றி, 12 தோல்வி பெற்று, மொத்தத்தில் 15 ஆட்டங்களைத் தோற்றிருந்த டெக்சாஸ். முதல் சுற்றுக்கு முந்திய ஆட்டங்கள் நடக்கும் டேட்டன் நகரில் நார்த் கரோலினா சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று நொறுக்கியதை இதற்குச் சான்றாக நான் கொண்டுவரவில்லை. 2011-இல் வி.சி.யு. அதே டேட்டன் வழியாகக் கடைசி நான்குவரை சென்றது, 2021-இல் யு.சி.எல்.ஏ. அணியும் முதல் சுற்றுக்கு முந்திய ஆட்டத்திலிருந்தே கடைசி நான்குவரை சென்றது. பின்னால் நடந்தவை தேர்வு நாளன்று எவர் கையிலும் இல்லாத தகவல்கள். அவற்றை வைத்துத் தேர்வை நியாயப்படுத்துவதும் பழிப்பதும் ஒரேவிதத் தவறுதான்.

டார்விக் தளத்தின் குறைகளும் சொல்லப்பட வேண்டும். எண்களின் காடு அது; புதிதாக வருபவருக்கு வழிகாட்டி ஏதுமில்லை, பெரிய அட்டவணைகளைக் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்கு வேலை. பருவத் தொடக்கத்தில் தரவரிசைக்குள் முன்பருவ மதிப்பீடுகளும் கலந்திருப்பதால், டிசம்பரிலேயே அதைக் காட்டிப் பபிள் சண்டை போடுவது பயனற்றது. பிப்ரவரி நடுவிலிருந்து பார்த்தால் போதும். எஞ்சியுள்ள ஆட்டங்களின் முடிவுகளை நாமே இட்டுப் பார்க்கும் டீம்காஸ்ட் பகுதி அப்போதுதான் சுவைக்கும்.

ஆகவே வாங்குவதற்கு என்று ஒன்றைச் சொன்னால், ஆட்டத்தின் நுணுக்கங்களில் ஆர்வமுள்ளவர்கள் கென்பாம் சந்தா எடுக்கலாம். பபிள் வாதத்துக்காக மட்டும் எவரும் ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. பெண்கள் பிரிவைப் பின்தொடர்பவர்களுக்கும் இது பொருந்தும். 2022-இல் அங்கும் 68 அணிகள் ஆடத் தொடங்கின, டார்விக் தளத்தில் அவற்றுக்கான தரவரிசையும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பெண்கள் பிரிவுக்கான பட்டியல்களை வெளியிடுபவர்கள் மிகக் குறைவு என்பதால், பலரின் கணிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை அங்கே ஆண்கள் பிரிவின் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.