ராணிப்பேட்டை வீட்டு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்

மண்ணைப் பரிசோதிச்ச ஆய்வகத்துக்கு நாலு நட்சத்திரம் தர்றேன். ஒண்ணு ஏன் குறைஞ்சதுன்னும் சொல்லிடறேன்.

மூடிப்போன குரோமேட் ஆலையோட குரோமியக் கழிவு, சிப்காட்டுல லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கிடந்த ஊர் எங்க ஊர். மனை பள்ளமா இருந்ததால வீடு கட்டும்போது எட்டு லாரி மண் அடிச்சோம். எங்க வெட்டின மண்ணுன்னு அப்ப கேக்கலை. இப்ப அதுலதான் அத்தை கீரை போடறாங்க. ரெண்டு வயசுப் பாப்பா அதுலயே விளையாடிட்டு விரலை வாயில வைக்கறா. ராத்திரி தூக்கம் வரல. விவசாயிகளுக்கு அரசு தர்ற மண்வள அட்டையில பார்க்கற 12 விஷயமும் பயிருக்கானது: தழைச்சத்து, மணிச்சத்து, துத்தநாகம் இப்படி. குரோமியம் அதுல கிடையாது. அதனாலதான் சென்னையில ஒரு தனியார் ஆய்வகம்.

மண் எடுக்கறதுக்கு முன்னாடியே அங்க இருந்த ஒரு மேடம் போன்ல பொறுமையா சொல்லிக் கொடுத்தாங்க. எவர்சில்வர் கரண்டி கூடாது, அதுலயே குரோமியம் இருக்கு, பிளாஸ்டிக்ல எடுங்க. குழந்தை தொடறது மேல்மண்ணைத்தான், ஆழமாத் தோண்ட வேண்டாம். அஞ்சு இடத்துல எடுத்துக் கலந்து, காய வைக்காம, ஐஸ் பெட்டியில வச்சு அனுப்புங்க. தோல் பதனிடறதுல சேர்க்கற மூணாம் வகைக் குரோமியம் அவ்வளவு ஆபத்தில்லை, புற்றுநோய் வரவைக்கற ஆறாம் வகையைத் தனியாக் கேளுங்கன்னு அவங்கதான் எழுத வச்சாங்க. ரெண்டு சோதனைக்கும் 4,600 ரூபாய், பத்து நாள்.

ரிப்போர்ட்தான் ஏமாத்தம். மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 212 மில்லிகிராம், ஆறாம் வகை அளவிடற அளவுக்கு இல்லை. அவ்வளவுதான் இருந்துச்சு. எது வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு வரி இல்லை. மறுபடி போன் பண்ணினப்பதான் கனடாவுல குடியிருப்பு மண்ணுக்கு மொத்தம் 64, ஆறாம் வகை 0.4ன்னு வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. காசு கொடுத்து வாங்கற காகிதத்துல இது இருக்கணும்.

குரோமியம் இலைக்குள்ள அதிகம் ஏறாதாம், ஆனா தரைக்கீரையில மண்ணே ஒட்டும். அதனால கீரையைத் தொட்டிக்கு மாத்திட்டோம். பாப்பா விளையாடற இடத்துல புல் பதிச்சாச்சு. மண்ணை வெட்டி எடுத்து ஏரிக்கரையில கொட்டிடலாம்னார் மேஸ்திரி. கூடவே கூடாதுன்னுட்டேன், அங்கயும் பிள்ளைங்க விளையாடுது.

அடுத்த வாரம் கிணத்துத் தண்ணியையும் இவங்ககிட்டயே கொடுக்கறேன்.