ஓட்டெடுப்பா, ஒருமனமா? சூழல் அமைப்புகள் முடிவெடுக்கும் விதம்

குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். வட அமெரிக்கக் குவேக்கர்களின் சூழல் அமைப்பான 'குவேக்கர் எர்த்கேர் விட்னஸ்' 1987இல் வேறொரு பெயரில் தொடங்கியது. இன்றைய பெயர் 2003இல் வந்தது. குவேக்கர் வழக்கப்படி அங்கே எதுவும் ஓட்டுக்கு விடப்படுவதில்லை. 1892இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் முன்னின்று தொடங்கிய அமெரிக்கச் சூழல் அமைப்பான சியரா கிளப் இதற்கு நேர்மாறு. அதன் இயக்குநர்கள் 15 பேரையும் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஓட்டு என்ன செய்யும் என்பதற்கு 1998 நல்ல சாட்சி. அமெரிக்காவுக்குள் குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லலாமா, நடுநிலையில் நிற்கலாமா என்று சியரா கிளப் தன் உறுப்பினர்களைக் கேட்டது. சுமார் 60 சதவீதம் பேர் நடுநிலை என்றார்கள். முடிவு வந்தது, சண்டை தீரவில்லை. 2004 இயக்குநர் தேர்தலில் அதே பிரச்சினை வேட்பாளர்களின் வடிவில் திரும்பி வந்து, மறுபடியும் தோற்றது. தோற்ற தரப்பு எங்கும் போய்விடுவதில்லை. அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கிறது.

குவேக்கர் கூட்டம் மௌனத்தில் தொடங்குகிறது. நடத்துபவரைக் 'கிளார்க்' என்கிறார்கள். அவர் தலைகளை எண்ணுவதில்லை. பேச்சு எந்தப் பக்கம் கனிகிறது என்று கவனித்து, முடிவை அங்கேயே எழுதி, உரக்க வாசிக்கிறார். சொற்கள் திருத்தப்படுகின்றன. எல்லோரும் ஏற்ற பிறகே அது பதிவாகும். உடன்பாடில்லாதவர் குறுக்கே நிற்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம்; மனசாட்சி இடம் தராவிட்டால் அதைச் சொல்லலாம். அப்போது விஷயம் பெரும்பாலும் அதைத் தயாரித்த சிறு குழுவுக்கே திரும்பிப் போகும். குழுக்களின் முக்கிய வேலையே இதுதான்: எதையும் பச்சையாகப் பெரிய சபைக்குக் கொண்டுவராமல் பக்குவப்படுத்தித் தருவது. எர்த்கேர் விட்னஸின் வழிகாட்டுக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை கூடுகிறது. அதில் வெவ்வேறு வட்டாரச் சபைகளின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். எடுத்த முடிவை ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். நூற்றில் 51 பேர் ஜெயித்த தீர்மானத்தை மீதி 49 பேர் எந்த மனதோடு சுமந்து போவார்கள்?

ஆனால் இந்த வழியின் விலையை மறைக்கக் கூடாது. அடிமை முறைக்கு எதிராக ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் மனு எழுதியது 1688இல். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று அந்த வட்டாரக் குவேக்கர்களின் ஃபிலடெல்ஃபியா ஆண்டுச் சபை முடிவெடுத்தது 1776இல். எண்பத்தெட்டு ஆண்டுகள்! ஒருமனம் கனியும்வரை எத்தனையோ பேர் அடிமைகளாகவே பிறந்து இறந்தார்கள். பருவநிலை விஷயத்திலும் பொறுமையின் கணக்கை அந்த அறைக்கு வெளியே இருப்பவர்கள்தான் கட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதே ஃபிலடெல்ஃபியாவில் 2010இல் பிறந்த 'எர்த் குவேக்கர் ஆக்‌ஷன் டீம்', மலையுச்சிகளை வெடிவைத்துத் தகர்த்து நிலக்கரி எடுக்கும் நிறுவனங்களுக்குக் கடன் தந்த பிஎன்சி வங்கியைக் குறிவைத்தது. வங்கிக் கிளைகளுக்குள் உட்கார்ந்தார்கள்; 2012இல் வங்கியின் தலைமையகம் உள்ள பிட்ஸ்பர்க்வரை சுமார் 200 மைல் நடந்தார்கள். 2015இல் வங்கி தன் கடன் கொள்கையை மாற்றியது. மறியலுக்கு நாள் குறிக்க, ஆண்டுக்கு இருமுறை கூடும் சபையை நம்பியிருக்க முடியாது. அதற்குக் கையடக்கமான குழு வேண்டும்.

நிலைப்பாடு எடுக்கக் குவேக்கர் முறைதான் சிறந்தது என்பேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்க அல்ல. குவேக்கர்களிடம் பதவிக்கு யாரும் போட்டியிடுவதில்லை. ஒரு நியமனக் குழு தகுந்தவரைத் தேடிப் பெயர் முன்வைக்கிறது. பதவி ஆசையை இது அடக்கும், உண்மை. ஆனால் அந்தக் குழுவுக்குத் தெரிந்த முகங்களே சுற்றிச் சுற்றி வரும் ஆபத்தும் உண்டு. இதில் சியரா கிளப்பின் ஓட்டுச்சீட்டையே நம்புவேன்.

நாளைக்கே ஒரு சிறு சங்கம் தொடங்குவோருக்கு நான் முதலில் சொல்வது கிளார்க்கின் அந்தப் பழக்கத்தைத்தான்: தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடாமல், எல்லோரும் நாற்காலியில் இருக்கும்போதே எழுதி வாசித்துக் காட்டுவது.