டீசல் பஸ்ஸா, மின்சார பஸ்ஸா? வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் எங்கள் குடும்பம் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்களை ஓட்டுகிறது. பழைய வண்டி ஒன்றை மாற்ற வேண்டி வந்தபோது, மச்சான் டீசலே போதும் என்றார்; நான் மின்சாரம் என்றேன். கடைசியில் வந்தது மின்சார வண்டி. ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

புகை இல்லை, சத்தம் இல்லை என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். "அண்ணே, வண்டி ஆன்ல இருக்கா இல்லையான்னே தெரியலே" என்று டிரைவர் முதல் நாளே சொன்னார். வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுப்பதால் பிரேக் கட்டையும் மெதுவாகத்தான் தேய்கிறது. சரி, காசுக் கணக்குக்கு வருவோம்.

நகர நெரிசலில் 12 மீட்டர் டீசல் பஸ் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 40 லிட்டர் குடிக்கும். அதே அளவு மின்சார பஸ், நம் வெயிலில் ஏர்கோனும் ஓட, 120 யூனிட் வரை எடுக்கும். யூனிட் 50 காசு என்று வைத்தால் 60 ரிங்கிட். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அந்த விலையில் 40 லிட்டர் 134 ரிங்கிட். மின்சாரச் செலவு அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்குச் சலுகை விலையாக லிட்டர் 1.88 என்று வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் 75 ரிங்கிட்தான். வித்தியாசம் வெறும் 15 ரிங்கிட். மின்சார வண்டியின் விலையோ டீசல் வண்டியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மச்சான் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார், அதில் தப்பும் இல்லை. எஞ்சின் ஆயில், ஃபில்டர், இஞ்செக்டர், கியர்பாக்ஸ் என்று பட்டறைக்குப் போகும் செலவு குறைவதையும் சேர்த்தால்தான் மின்சாரம் முன்னுக்கு வருகிறது.

பேட்டரி நடுவழியில் தீர்ந்துவிடுமோ என்று எல்லாரும் கேட்கிறார்கள். பிறையிலிருந்து தீவுக்குப் போகும் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், நெரிசலில் மாட்டினால் மோட்டார் ஏறக்குறைய எதுவும் எடுக்காது, ஏர்கோன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முழு ஏர்கோனுக்கு மணிக்கு 10 யூனிட் போனாலும், 300 யூனிட் பேட்டரியில் அது மூன்று சதவீதம்தான். தீவில் இருக்கும் பாலிக் புலாவ் மலைப்பாதை கொஞ்சம் வேறு மாதிரி: ஏறும்போது பேட்டரி சரசரவென்று இறங்கும், இறக்கத்தில் ஒரு பங்கு திரும்ப வரும். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் ஓட்டத்துக்குத் தாங்கும்.

உண்மையான சிக்கல் வண்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலை பஸ்கள் ராத்திரி எங்கே நிற்கின்றன? டிரைவர் வீடு இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) முனையில், மரத்தடியில், கோவில் பக்கத்துக் காலி நிலத்தில். டீசல் வண்டிக்கு அது போதும். மின்சார பஸ்ஸுக்குப் போதாது. 300 யூனிட் பேட்டரியை 60 கிலோவாட் சார்ஜரில் நிரப்ப ஐந்து மணி நேரம் ஆகும். அப்படிப் பத்து வண்டி ஒரே நேரத்தில் நின்றால் 600 கிலோவாட். கடை வீட்டு இணைப்பில் அது நடக்காது. துணை மின்நிலையமே வேண்டியிருக்கும். அப்புறம் இன்னொன்று: பெரிய இணைப்பு எடுப்பவர்களுக்கு மாத பில்லில் மொத்த யூனிட்டோடு, அந்த மாதத்தில் தொட்ட உச்ச கிலோவாட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு. மாலை ஷிப்ட் முடிந்து எல்லா வண்டியையும் ஒன்றாகச் செருகினால் அந்த உச்சத்துக்கு மாதம் முழுக்கப் பணம் கட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வரிசை போட்டால் அதே மின்சாரம் மலிவாகும். டிப்போவில் விழித்திருந்து இதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அல்லது தானே வரிசை போடும் சார்ஜர் வேண்டும். எங்களுக்குச் சொந்த யார்ட் இருந்தது. என் பக்கம் தராசு சாய அதுவே காரணம். மற்ற டீசல் வண்டிகள் இன்னும் தாமான்களில்தான் நிற்கின்றன, அவற்றை நான் மாற்றச் சொல்லவில்லை.

இதனால்தான் பொதுப் பேருந்துக்கு மின்சாரம் எங்களைவிட நன்றாகப் பொருந்தும் என்கிறேன். நகர பஸ் ராத்திரி டிப்போவுக்குத் திரும்பியே ஆக வேண்டும், அதன் தடமும் மாறாது. 2015 ஜூனில் கோலாலம்பூர் பக்கத்தில் தொடங்கிய சன்வே பிஆர்டி (விரைவுப் பேருந்துத் தடம்) இதற்கு நல்ல உதாரணம்: செத்தியா ஜெயாவிலிருந்து யுஎஸ்ஜே 7 வரை 5.4 கிலோமீட்டர், ஏழு நிலையங்கள், தூண்மேல் தனிப் பாதை, சீனாவின் பிஒய்டி நிறுவனத்து மின்சார பஸ்கள். சொல்லப்போனால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு மின்சார பஸ் புதிதும் அல்ல. 1925 முதல் 1961 வரை மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு டிராலி பஸ் ஓடிய ஊர் இது.

மறுவிற்பனையில் டீசலே ஜெயிக்கும். பழைய டீசல் பஸ்ஸைப் பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து யாராவது வந்து பள்ளி பஸ்ஸுக்கு வாங்கிப் போவார்கள். மின்சார வண்டி என்றால் முதல் கேள்வியே பேட்டரியின் வயதுதான். எங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் 8 ஆண்டு. வண்டி அந்த வயதை எட்டவில்லை, அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நான் விற்கும் எண்ணத்தில் வாங்கவில்லை, பேட்டரி தேயும்வரை ஓட்டும் எண்ணத்தில் வாங்கினேன்.

உங்களுக்கும் யார்ட் இருக்கிறதா? அப்படியானால் முதலில் மின்சாரம் கொடுக்கும் டிஎன்பி நிறுவனத்திடம் எத்தனை கிலோவாட் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டிக்கு முன்பணம் அப்புறம் கட்டலாம்.