பைப் தண்ணீரில் கரண்ட்: 7,850 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 7,850 ரூபாய். மாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு சின்னச் சக்கரக் கருவியை மாட்டினால் போதும், தண்ணீர் திறக்கும்போதெல்லாம் சக்கரம் சுற்றிக் கரண்ட் வரும், பேட்டரியில் சேரும், கரண்ட் போனாலும் கவலையில்லை என்றொரு வீடியோ. குழாயைத் திறக்கிறார்கள், வரிசையாக நாலு பல்பு எரிகிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

வாங்கியது பெரிய ஷாப்பிங் ஆப் ஒன்றில். பெயர் வேண்டாம். ஆர்டர் போட்ட அன்றே விற்பனையாளர் போன் செய்து, "சார், உங்க டேங்க் எத்தனை அடி உயரத்துல இருக்கு?" என்று கேட்டார். இருபது அடி என்றேன். "தாராளம் சார், நாலு லைட்டு ஒரு ஃபேன் ஓடும்." அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு விவரமாகக் கேட்கிற ஆள் ஏமாற்றுவாரா என்று வீட்டிலும் பெருமையாகச் சொன்னேன்.

பிளம்பர் வந்து மாட்டிய பிறகு குழாயைத் திறந்தால் ஒரே ஒரு எல்இடி மினுக்கியது. ஃபேன் அசையவே இல்லை. அதோடு சமையலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வர ஆரம்பித்தது, அதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

போன் செய்தேன். முதல் நாள், "பேட்டரி சார்ஜ் ஆகணும் சார், மூணு நாள் விடுங்க." நாலாம் நாள், "பிரஷர் கம்மி சார், ஒரு பிரஷர் பம்ப் போட்டுடுங்க." அதாவது கரண்ட் தயாரிக்க, கரண்டில் ஓடும் பம்ப்! அப்புறம் போனை எடுக்கவே இல்லை. ஆப்பில் புகார் செய்தால், திருப்பி அனுப்பும் ஏழு நாள் முடிந்துவிட்டது என்று ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பிளம்பர் கிடைக்கவே எனக்கு அஞ்சு நாள் ஆனது, அதை யாரிடம் சொல்வது?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள்தான் நோட்டில் போட்டுக் காட்டினாள். "சித்தப்பா, ஆயிரம் லிட்டர்னா ஆயிரம் கிலோ, இருபது அடின்னா ஆறு மீட்டர், 9.8-ஆல பெருக்கினா 58,800 ஜூல். ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல் வேணும்." முழு டேங்கும் காலியானால்கூட 0.016 யூனிட்தான். ஒரு 9 வாட் பல்பு இரண்டு மணி நேரம்கூட எரியாது, அதுவும் ஒரு துளி வீணாகாமல் இருந்தால். இந்தச் சின்னச் சக்கரத்தில் பாதிக்கு மேல் வீணாகும். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற என் ஒரு ஹெச்பி மோட்டார் அரை மணி நேரம் ஓடுகிறது, அது மட்டும் கிட்டத்தட்ட 0.37 யூனிட்! நாள் முழுக்கத் தானாக விழும் மலையோடை இருந்தால் வேறு கதை. எனக்கு இருப்பது போர் தண்ணீர். இருபது அடி என்று கேட்டபோதே அந்த ஆளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. வாங்கும் முன் டேங்க் உயரத்தை வைத்து மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். பார்சல் வந்த அன்றே மாட்டிப் பாருங்கள், பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்தால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், கூப்பிடுங்கள். நான் நேற்றுதான் பதிவு செய்தேன்.

பிளம்பர் வாசலில் நிற்கிறார். அதைக் கழற்ற 300 ரூபாயாம். அதையும் சேர்த்தால் 8,150.