கருவிழி மாற்றிய பின் மங்கிய லென்ஸ்: கோவை கண் மருத்துவமனை ஒன்றைப் பற்றி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குச் செல்லும் பேருந்தில், 2022 முதல் அம்மாவும் நானும் ஏறாத மாதம் குறைவு. எல்லாப் பயணமும் அங்குள்ள ஒரு பெரிய கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவுக்குத்தான். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அம்மாவுக்கு 2017இல் பாலக்காட்டில் கண்புரை நீக்கி மடக்கு லென்ஸ் வைத்தார்கள். நாளடைவில் கருவிழியின் உள்ளடுக்குச் செல்கள் குறைந்து நீர் கோத்துக்கொண்டதால், கோவையில் டிசெக் என்னும் உள்ளடுக்கு மாற்று சிகிச்சை நடந்தது. இதில் தானமாகப் பெற்ற மெல்லிய அடுக்கைக் கண்ணுக்குள் செலுத்திய காற்றுக்குமிழிதான் மேல்நோக்கி அழுத்தி ஒட்டவைக்கிறது. எனவே நோயாளி அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அம்மா தூக்கத்தில் தலையைத் திருப்பிவிடக்கூடாது என்று இரவுச் செவிலியர் இரண்டு துண்டுகளைச் சுருட்டி அவர் காதோரம் இருபுறமும் அண்டை கொடுத்தார். வார்டுப் பராமரிப்பில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மூன்றாம் நாள் ஒட்டிய அடுக்கின் ஓரம் பிரிந்ததால் மறுபடியும் காற்று செலுத்தினார்கள். பார்வை நன்றாகத் திரும்பியது.

ஒன்றரை ஆண்டு கழித்து மீண்டும் புகைமூட்டம். ஊர் மருத்துவர் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு தடித்திருக்கிறது, அதில் துளையிடும் யாக் லேசர் போதும் என்றார். கோவையிலும் முதலில் பார்த்த இளம் மருத்துவர் அதற்கே நாள் குறித்தார். நல்லவேளையாக, தலைமை மருத்துவர் கண் பாப்பாவை விரிய வைத்துத் தாமே பார்த்துவிட்டு லேசரை நிறுத்தினார். திரையில் எனக்கும் காட்டினார்: லென்ஸின் நடுவில் பாப்பா அளவுக்கு வட்டமாக, உப்புத்தண்ணீர் காய்ந்த எவர்சில்வர் தட்டில் தெரிவது போன்ற வெண்பொடி, அதுவும் லென்ஸின் பின்புறத்தில் அல்ல, முன்புறத்தில்.

அவர் தந்த விளக்கத்துக்காகவே இப்பிரிவைப் பரிந்துரைப்பேன். அம்மாவுக்கு வைத்திருந்தது நீரை உள்வாங்கும் ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக் லென்ஸ். கண்ணுக்குள் செலுத்தும் காற்றோ வாயுவோ இவ்வகை லென்ஸின் முகப்பைத் தொடும்போது, பின்னாளில் அங்கே கால்சியம் பாஸ்பேட் படியக்கூடும். மறுமுறை செலுத்தினால் அந்த அபாயம் கூடும். படிந்ததை லேசர் நீக்காது. நீக்காததோடு, பின்சவ்வில் துளை விழுந்துவிட்டால் லென்ஸைக் கழற்றுவதும் கடினமாகிவிடும். ஆகவே லென்ஸை மாற்றுவதுதான் வழி. ஆனால் பல ஆண்டுகள் சவ்வோடு ஒட்டிப்போன லென்ஸைப் பிரித்தெடுக்கும்போது புதிய கருவிழி அடுக்கின் செல்களும் சேதமடையலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

2024இல் நீரை ஏற்காத ஹைட்ரோஃபோபிக் லென்ஸ் வைத்தார்கள். பேருந்துப் பலகையில் இருப்பது தமிழா மலையாளமா என்று அம்மாவே இப்போது சொல்லிவிடுகிறார்.

என் குறை ஒன்றுதான். கருவிழி சிகிச்சைக்கு முன் கவுன்சிலிங் மேசையில் காப்பீட்டு அட்டை, ஆதார், துணைக்கு வருபவரின் கைபேசி எண் எல்லாம் கேட்டார்கள். உள்ளே இருக்கும் லென்ஸ் எந்த வகை என்று ஒருவரும் கேட்கவில்லை. லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கரோடு அந்தச் சிறிய அட்டை எங்கள் ரேஷன் அட்டை உறைக்குள்ளேயே இருந்தது. கேட்டிருந்தாலும் கருவிழி மாற்றத்தைத் தவிர்த்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்படியும் நேரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். லேசருக்கு நாள் குறிக்கும் அளவுக்குக் காரியம் போயிருக்காது. லென்ஸ் மாற்றத்துக்கு முழுக் கட்டணம் வாங்கியதும் எனக்கு உறுத்தல்தான்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று கவுன்சிலிங் மேசைக்கு. இம்முறை புதிய லென்ஸின் அட்டையை நானே நகலெடுத்து, கேட்காமலே அவர்கள் கோப்பில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.