கடிகாரம் மறுபடி வட்டமானது: எம்கேவிடூல்நிக்ஸ் அனுபவம்

எங்கள் வீட்டு வி.எச்.எஸ். கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கொடுத்திருந்தோம். வந்த எம்பி4 ஃபைல்களில் எல்லோருக்கும் முகம் உப்பியிருந்தது. அம்மா, "நான் இவ்வளவு குண்டாவா இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மண்டபச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம் தெரிந்தது. ஸ்கிரீன் மேலேயே ஸ்கேலை வைத்து அளந்தேன். உயரம் 6 செ.மீ., அகலம் 8. விஷயம் புரிந்துவிட்டது. படம் 720×576 பிக்சல். நம் ஊர் பழைய டிவி முறையான பால் (PAL) முறையில் அதை 4:3 அகல-உயர விகிதத்தில், அதாவது 768×576 அளவில் காட்ட வேண்டும். மாற்றிக் கொடுத்தவர் 16:9 என்று குறித்துவிட்டதால் 1024 அகலத்துக்கு இழுத்துக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் படம் சரிதான்.

இது தெரியாமல் முதல் கேசட்டை வேறொரு மென்பொருளில் போட்டு முழுசாக ரீ-என்கோட் செய்திருந்தேன், அதாவது படத்தை விரித்து மறுபடி அமுக்கி எழுத வைத்திருந்தேன். ராத்திரி பூரா ஓடியது. கேசட் படத்தில் எப்போதும் ஒரு புள்ளி இரைச்சல் இருக்கும் இல்லையா, அதை மறுபடி அமுக்கியதில் பட்டுப்புடவைக் கரையெல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிட்டது. நல்லவேளை, மூல ஃபைலை அழிக்கவில்லை.

அப்புறம்தான் எம்கேவிடூல்நிக்ஸ் (MKVToolNix). எம்கேவி என்ற வகை வீடியோ ஃபைல்களை உருவாக்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள். இலவசம். எம்பி4 ஃபைலை இழுத்துப் போட்டு, வீடியோ டிராக்கைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் டிஸ்ப்ளே அகலம் 768, உயரம் 576 என்று கொடுத்தால் போதும். அமுக்கிய தரவை அப்படியே நகல் எடுத்து எம்கேவி ஆக எழுதித் தருகிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஹார்ட் டிஸ்க் வேகம்தான் கணக்கு. ஏற்கெனவே எம்கேவி ஆக இருந்தால் அந்த நகலெடுப்பும் வேண்டாம். ஃபைலின் தலைப்பகுதிக் குறிப்புகளை மட்டும் திருத்தும் ஹெடர் எடிட்டர் அதே மென்பொருளில் இருக்கிறது, அதில் அந்த இரண்டு எண்களை மாற்றி சேவ் செய்தால் ஆச்சு. ஆனால் அது அதே ஃபைலில் கை வைக்கிறது, எனவே முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் டிஸ்ப்ளே அகலத்துக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் பிக்சல் அகலத்தை மாற்றிவிட்டு, பதறிப்போய் 720 என்று திருப்பிப் போட்டேன்.

இதனால் ஃபைல் சைஸ் குறையாது. படத்தோடு பதிந்துவிட்ட கறுப்புப் பட்டைகளும் போகாது. ஓரத்தை எவ்வளவு வெட்டிக் காட்ட வேண்டும் என்று கிராப் எண் கொடுக்க இடம் இருக்கிறது, ஆனால் பல பிளேயர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

உண்மையான தலைவலி டிவிதான். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் அழகாக வந்த ஃபைல், அப்பா அறையில் இருக்கும் பழைய டிவியில் பென்டிரைவில் போட்டால் மறுபடி உப்புகிறது. எம்கேவி என்ற மேலுறையில் நாம் எழுதியதைப் பார்க்காமல், உள்ளே எச்.264 முறையில் அமுக்கிய வீடியோ தரவுக்குள்ளேயே இருக்கும் விகிதக் குறிப்பை அது எடுத்துக்கொள்கிறது போல. அதையும் ரீ-என்கோட் இல்லாமல் மாற்றலாம்: கமாண்ட் அடித்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில், அமுக்கிய தரவில் உள்ள குறிப்பை மட்டும் திருத்தும் பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர் என்று ஒன்று உண்டு, ஒரு பிக்சலின் அகல-உயர விகிதம் 16/15 (768/720) என்று கொடுக்க வேண்டும். கமாண்ட் அடிக்கச் சோம்பல், முகூர்த்தம், ரிசப்ஷன் இரண்டுக்கு மட்டும் செய்தேன். மற்றதைப் பார்க்கும்போது அப்பா ரிமோட்டில் 4:3 பட்டனை அமுக்கிக்கொள்கிறார்.