‘கேனாட் ரீடிக்ளேர்’ பிழை: ரிக்வயர்_ஒன்ஸா, ஃபங்ஷன்_எக்சிஸ்ட்ஸா?

பிஎச்பி-யில் ஒரே பெயரில் ஒரு ஃபங்ஷனை இருமுறை எழுதினால் இந்தப் பிழை வரும். வந்தால் அந்தச் செய்தியைக் கடைசி வரை படியுங்கள். ஃபங்ஷன் முன்பே எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று அதிலேயே வரும்.

எப்போது?
அதே ஃபைல் இருமுறை லோடானால் ரிக்வயர்_ஒன்ஸ்; இது ஒரு ஃபைலை ஒரே முறைதான் லோடு செய்யும்.
வேறொரு ஃபைலில் அதே பெயர் இருந்தால் ஃபங்ஷன்_எக்சிஸ்ட்ஸ்; அந்தப் பெயரில் ஃபங்ஷன் ஏற்கனவே இருக்கிறதா என்று இஃப்-இல் பார்த்து, இல்லையென்றால் மட்டும் அதை எழுத உதவும்.

எங்கே சிக்கும்?
ரிக்வயர்_ஒன்ஸ்: ஃபைலின் நகல் வேறு ஃபோல்டரில் கிடந்தால் பயனில்லை.
ஃபங்ஷன்_எக்சிஸ்ட்ஸ்: முதலில் லோடானதுதான் நிற்கும், மற்றது சத்தமில்லாமல் விடுபடும். தவறான விடை வரலாம், பிழைச் செய்தி வராது. இதுதான் பெரிய ஆபத்து. அந்த இஃப்-க்கு மேலேயே ஃபங்ஷனை அழைத்தால் ‘அன்டிஃபைன்ட்’ (அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை) பிழையும் வரலாம்.

சொந்த ப்ராஜெக்டுக்கு ரிக்வயர்_ஒன்ஸ் போதும். வேர்ட்பிரஸ் பேரன்ட் தீமுக்கு ஃபங்ஷன்_எக்சிஸ்ட்ஸ்தான் சரி. பேரன்ட் தீமை மாற்றியமைக்க அதன்மேல் போடும் சைல்ட் தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைல் அதற்கு முன்பே லோடாகிவிடும்; அதனால் சைல்ட் தீமில் அதே பெயரில் எழுதியதே நிற்கும்.